ஒரு லிட்டர் பெட்ரோலில் எவ்வளவு ஆற்றல்? பேனா, பேப்பரோடு நீங்களே கணக்குப் போடுவது எப்படி

நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு லிட்டர் பெட்ரோல் போடுகிறோம். கத்தரிக்காய் வாங்கினால் காம்பைப் பார்க்கிறோம், தேங்காய் வாங்கினால் தட்டிப் பார்க்கிறோம், பெட்ரோலுக்கு மட்டும் மெஷினில் சைபர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடியைத் திருகிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். அந்த ஒரு லிட்டரில் எவ்வளவு ஆற்றல் வாங்கினோம், அது எங்கிருந்து வருகிறது, குரோம்பேட்டையிலிருந்து கிண்டி போய்ச் சேர்வதற்குள் அதில் எவ்வளவு வீணாகிறது என்று யாரும் கேட்பதில்லை. இதைக் கண்டுபிடிக்க லேப் எதுவும் வேண்டாம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

நான் மாலையில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கிறேன். வருஷா வருஷம் விடைத்தாளில் ஒரே வாக்கியம் வரும்: "பெட்ரோலில் உள்ள பிணைப்புகள் உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது." பிள்ளைகள் மட்டுமில்லை, படித்து வேலையில் இருக்கும் பெரியவர்களும் இதையே சொல்கிறார்கள். இது அப்படியே தலைகீழ். பிணைப்பு என்பது அணுக்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்திருக்கும் பிடி. அதை உடைக்க நாம்தான் ஆற்றல் கொடுக்க வேண்டும். புதுப் பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் திரும்பி வருகிறது, அதுவும் கொடுத்ததைவிட அதிகமாக. இந்த ஒரு விஷயம் மனதில் சரியாக உட்கார்ந்துவிட்டால் மைலேஜ், எத்தனால் கலந்த பெட்ரோல், பிரீமியம் பெட்ரோல், ஜெனரேட்டர் புகை எல்லாமே ஒரே நூலில் கோத்த மாதிரி புரிந்துவிடும். அதனால்தான் இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பேப்பரில் போட வேண்டிய கணக்கு. வீட்டில் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றி எரித்துப் பார்க்கும் வேலையே கூடாது. பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, அதிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு அதிலிருந்து ஆவி வரும் என்றால் சென்னையில் மே மாதம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், மேலே போகாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து போகும். இங்கே பாட்டிலைத் திறந்து வைத்தால் அந்தப் பக்கம் பூஜை அறையில் எரிகிற விளக்கில் போய்ப் பற்றிக்கொண்டு திரும்பி வரும். பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் வாங்கி வீட்டில் வைக்காதீர்கள், பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டே எரியும். பங்கில் சிவப்பு வாளியில் மணல் வைத்திருப்பது அதற்காகத்தான்.

சரி, கணக்குக்கு வருவோம்.

முதலில் எடையைக் கண்டுபிடியுங்கள்

நாம் லிட்டரில் வாங்குகிறோம், ஆனால் எரியும்போது கணக்காவது எடைதான். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. பங்கில் மெஷினிலோ பலகையிலோ அன்றைய டென்சிட்டி போட்டிருப்பார்கள், சில இடங்களில் பில்லிலேயே அச்சாகி வரும். 740, 750 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். ஒரு கன மீட்டருக்கு, அதாவது ஆயிரம் லிட்டருக்கு, எத்தனை கிலோ என்பது அதற்கு அர்த்தம். 740 என்றால் ஒரு லிட்டர் 740 கிராம். இந்த எண்ணை 15 டிகிரி வெப்பநிலைக்குத் திருத்தித்தான் போடுவார்கள், நம் ஊர் சூட்டில் உண்மையான எடை இதைவிடச் சற்றுக் குறையும். சந்தேகம் வந்தால் டென்சிட்டியை உங்கள் முன்னால் அளந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம், அது வாடிக்கையாளரின் உரிமை, கூச்சப்பட வேண்டாம். நம் கணக்குக்கு 740 கிராம் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்தக் காலை நேரக் கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். காலையில் குளிர்ச்சியாக இருக்கும், பெட்ரோல் சுருங்கியிருக்கும், அப்போது போட்டால் அதிகம் கிடைக்கும் என்று சொல்வார்கள். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும் என்பது உண்மைதான். ஆனால் பங்கின் டேங்க் தரைக்கு அடியில் இருக்கிறது, அங்கே காலைக்கும் மதியத்துக்கும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. ஐந்து டிகிரியே மாறியது என்று வைத்தாலும் வித்தியாசம் அரை சதவீதம், நூறு ரூபாய்க்கு ஐம்பது பைசா. அதற்காக அலாரம் வைத்து எழுந்து போக வேண்டியதில்லை.

பிணைப்புகளை எண்ணுங்கள்

பெட்ரோல் ஒரே பொருள் கிடையாது. மணலியில் சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறதே, 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், அங்கே கச்சா எண்ணெயைக் காய்ச்சி, கொதிநிலையை வைத்துப் பிரித்து, அப்புறம் பல பிரிவுகளைக் கலந்துதான் பெட்ரோல் ஆக்குகிறார்கள். அதில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் உண்டு, பெரும்பாலும் 4 முதல் 12 கார்பன் அணுக்கள் வரை கொண்ட ஹைட்ரோகார்பன்கள், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்தவை. அத்தனைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட முடியாது, அதனால் ஆக்டேனைப் பிரதிநிதியாக எடுத்துக்கொள்வோம். எட்டு கார்பன், பதினெட்டு ஹைட்ரஜன். ஒரு மோல் ஆக்டேன் 114 கிராம். மோல் என்பது டஜன் மாதிரி, மூலக்கூறுகளை எண்ணும் ஒரு பெரிய எண்ணிக்கை, அவ்வளவுதான்.

எட்டு கார்பனும் கை கோத்து வரிசையாக நிற்பதுபோல் வரைந்துகொள்ளுங்கள். கார்பனுக்கும் கார்பனுக்கும் நடுவே 7 பிணைப்புகள். கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 18. ஒரு ஆக்டேன் மூலக்கூறு முழுதாக எரிய 12.5 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும், அரை மூலக்கூறு உறுத்தினால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள், விடை மாறாது. எரிந்து முடிந்ததும் 8 கார்பன் டை ஆக்சைடும் 9 தண்ணீரும் கிடைக்கும்.

பாடப்புத்தகங்களில் வரும் சராசரி பிணைப்பு ஆற்றல்களை எடுங்கள், ஒரு மோலுக்குக் கிலோஜூலில்: கார்பன்–கார்பன் 347, கார்பன்–ஹைட்ரஜன் 413, ஆக்சிஜன் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பு 498, கார்பன் டை ஆக்சைடில் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள இரட்டைப் பிணைப்பு 803, தண்ணீரில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் 463.

முதலில் செலவு. 7 பெருக்கல் 347, அது 2,429. 18 பெருக்கல் 413, அது 7,434. ஆக்சிஜனை உடைக்க 12.5 பெருக்கல் 498, அது 6,225. மொத்தச் செலவு 16,088 கிலோஜூல்.

இப்போது வரவு. 8 கார்பன் டை ஆக்சைடில் 16 பிணைப்புகள், 16 பெருக்கல் 803, அது 12,848. 9 தண்ணீரில் 18 பிணைப்புகள், 18 பெருக்கல் 463, அது 8,334. மொத்த வரவு 21,182.

வரவில் செலவைக் கழித்தால் கையில் நிற்பது 5,094 கிலோஜூல். இது 114 கிராமுக்கு. ஒரு கிராமுக்கு 44.7 கிலோஜூல், ஒரு கிலோவுக்கு 44.7 மெகாஜூல். ஆக்டேனை உண்மையிலேயே எரித்து அளந்தால், தண்ணீர் ஆவியாகவே வெளியே போகிறது என்ற கணக்கில், 44.4 மெகாஜூல் கிடைக்கிறது. பேனாவும் பேப்பரும் வைத்துக்கொண்டு அளவிட்ட மதிப்புக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வந்துவிட்டோம். இதை வகுப்பில் போட்டுக் காட்டும்போது சில பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள், எனக்கு இந்தத் தொழிலில் பிடித்த நிமிடங்களில் அதுவும் ஒன்று.

அந்த எண்களை இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள். ஆக்சிஜன் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பு 498தான், அதே ஆக்சிஜன் கார்பனோடு சேர்ந்தால் 803. ஆக்சிஜன் தன்னோடு தான் சேர்ந்திருக்கும்போது பிடிப்பு தளர்ச்சி, கார்பனோடும் ஹைட்ரஜனோடும் சேர்ந்தால் இறுக்கம். தளர்ந்த பிடியிலிருந்து இறுகிய பிடிக்குப் போகிறபோது மிஞ்சுவதுதான் நம் வண்டியை ஓட்டுகிற வெப்பம். ஆக, பெட்ரோலுக்குள் ஆற்றல் அடைத்து வைத்திருக்கிறது என்று சொல்வது பாதிதான் சரி. மீதிப் பாதி நம்மைச் சுற்றியுள்ள காற்றில் இருக்கிறது, அதற்கு நாம் காசு கொடுப்பதில்லை என்பதால் மறந்துவிடுகிறோம்.

இதிலிருந்து ஒரு குறுக்குவழியும் கிடைக்கிறது. தார்ன்டன் என்பவர் 1917இலேயே கவனித்த விஷயம்: விறகோ, பெட்ரோலோ, கேஸோ, எது எரிந்தாலும் செலவாகும் ஒரு கிலோ ஆக்சிஜனுக்குக் கிடைக்கும் வெப்பம் ஏறக்குறைய 13 மெகாஜூல். பிணைப்பு அட்டவணை கையில் இல்லையா, எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று மட்டும் பார்த்து 13ஆல் பெருக்குங்கள். ஒரு கிலோ ஆக்டேனுக்கு 3.5 கிலோ ஆக்சிஜன் வேண்டும், 3.5 பெருக்கல் 13, அது 45.5. அவசரக் கணக்குக்கு இது தாராளம்.

உண்மையான பெட்ரோலில் ஆக்டேனைவிட ஹைட்ரஜன் குறைவாக உள்ள சேர்மங்களும் இருப்பதால் கிலோவுக்கு 43, 44 மெகாஜூல்தான் வரும். 43.5 என்று வைத்து 0.74 கிலோவால் பெருக்கினால் ஒரு லிட்டருக்கு 32 மெகாஜூல். இது எதுவும் கலக்காத சுத்தமான பெட்ரோலுக்கு.

எத்தனாலுக்குக் கழிக்க வேண்டும்

இப்போது நாம் போடுவது இ20. அதாவது நூற்றுக்கு 20 பங்கு எத்தனால். இதனால் எவ்வளவு குறைகிறது என்று நிறையப் பேர் கோபத்தோடு கேட்கிறார்கள், சில பேர் ஒன்றுமே குறையாது என்கிறார்கள். கணக்குப் போட்டால் விவாதம் தேவையில்லை.

எத்தனால் மூலக்கூறில் ஏற்கெனவே ஓர் ஆக்சிஜன் அணு இருக்கிறது, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன்தான். கார்பனோடும் ஹைட்ரஜனோடும் அந்த ஆக்சிஜன் முன்பே இறுகிச் சேர்ந்துவிட்டது, அந்தப் பிணைப்புகளால் வர வேண்டிய ஆற்றல் எத்தனால் உருவாகும்போதே போய்விட்டது. கொஞ்சம் எரிந்து முடித்த பெட்ரோல் என்று நினைத்துக்கொண்டால்கூடப் பெரிய தவறில்லை. குறுக்குவழியில் பார்ப்போம். 46 கிராம் எத்தனாலுக்கு 96 கிராம் ஆக்சிஜன் போதும். கிலோவுக்கு 2.09 கிலோ, 13ஆல் பெருக்கினால் 27 மெகாஜூல். அளந்த மதிப்பும் ஏறக்குறைய அதேதான், 26.8. எத்தனால் லிட்டருக்கு 789 கிராம், ஆக ஒரு லிட்டர் எத்தனால் 21 மெகாஜூல்.

0.8 லிட்டர் பெட்ரோல் 25.6, 0.2 லிட்டர் எத்தனால் 4.2, கூட்டினால் 29.8 மெகாஜூல். சுத்தமான பெட்ரோலோடு ஒப்பிட்டால் 7 சதவீதம் குறைவு. ஆனால் 2022லேயே நாம் 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் போய்விட்டோம், அதில் இதே கணக்கைப் போட்டால் 30.9. அதாவது இ10இலிருந்து இ20க்கு மாறியதில் போனது 3.5 சதவீதம். 45 கிலோமீட்டர் கொடுத்த வண்டி அதனால் மட்டும் 43, 43.5க்கு இறங்கலாம். 2021இல் மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும் பழைய வகை இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீத இழப்பு என்று மதிப்பிட்டிருந்தது. உங்கள் வண்டி 45இலிருந்து 35க்கு விழுந்துவிட்டது என்றால் காரணம் எத்தனாலின் ஆற்றல் குறைவு மட்டும் இல்லை, வேறு எங்கோ கோளாறு இருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பிரீமியம் பெட்ரோலையும் இதே கண்ணால் பாருங்கள். 95, 100 என்று எண் போட்டு அதிக விலைக்கு விற்கிறார்களே, அந்த எண் ஆற்றலின் அளவு கிடையாது. அது ஆக்டேன் எண். சிலிண்டரில் அழுத்தும்போது ஸ்பார்க் வருவதற்கு முன்னாலேயே தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை மட்டும் அது சொல்கிறது. எத்தனாலுக்கு ஆக்டேன் எண் அதிகம், ஆற்றலோ குறைவு, இதுவே போதும் இரண்டும் வேறு வேறு என்று காட்ட. அதிக அழுத்தத்துக்கு வடிவமைத்த பெரிய பைக்குக்கு அது தேவை. சாதாரண 110 சிசி ஸ்கூட்டருக்கு நான் அந்தக் காசைச் செலவழிக்க மாட்டேன்.

நமக்குப் பழக்கமான அளவுகளுக்கு மாற்றுங்கள்

29.8 மெகாஜூல் என்று சொன்னால் மனதில் ஒன்றும் நிற்காது. 3.6ஆல் வகுத்தால் ஈபி யூனிட் வரும். 8.3 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2016இலிருந்து இரண்டு மாத பில்லில் 100 யூனிட் இலவசமாகக் கழிக்க ஆரம்பித்தார்களே, அந்த 100 யூனிட்டும் 12 லிட்டர் இ20இன் வெப்பமும் சமம். 14.2 கிலோ கேஸ் சிலிண்டரில் ஏறக்குறைய 650 மெகாஜூல் இருக்கிறது, அது 22 லிட்டர் பெட்ரோல்.

தண்ணீர் கேனில் சொல்கிறேன், சென்னைக்காரர்களுக்கு அதுதான் சுலபம். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 293 கிலோஜூல் வேண்டும். வெப்பம் எங்கும் வீணாகவில்லை என்றால் ஒரு லிட்டர் பெட்ரோல் 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும், ஐந்து கேன். இன்னொன்று. ஒரு டன் எடையுள்ள காரை மெரினா மணலிலிருந்து நேர் மேலே, ஊட்டி தொட்டபெட்டா சிகரத்தின் 2,637 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 26 மெகாஜூல் போதும். ஒரு லிட்டரின் வெப்பம் அதைவிட அதிகம். ஒரு வாட்டர் பாட்டில் அளவு திரவம்! இவ்வளவு செறிவான பொருளை இவ்வளவு அலட்சியமாகச் சிந்துகிறோம் என்று பங்கில் தரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது.

இவ்வளவு செறிவாக இருக்கக் காரணம், முன்னால் சொன்ன அதே காற்று விஷயம்தான். டிஎன்டி வெடிமருந்தில் கிலோவுக்கு நான்கரை மெகாஜூல்கூட இல்லை, பெட்ரோலில் அதைப்போலப் பத்து மடங்கு. வெடிமருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன் மூலக்கூறிலேயே சுமந்துகொண்டிருக்கிறது, அதனால் கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பெட்ரோல் ஆக்சிஜனைச் சுமப்பதில்லை, போகிற இடத்தில் எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு எடுத்துக்கொள்கிறது தெரியுமா? ஒரு லிட்டர் இ20 எரிய ஏறக்குறைய 10 கிலோ காற்று. கன அளவில் 8,500 லிட்டருக்கு மேல். நம் தெருவுக்கு வரும் மெட்ரோ வாட்டரின் 9,000 லிட்டர் லாரியைக் கற்பனை செய்யுங்கள், கிட்டத்தட்ட அந்த டேங்க் நிறையக் காற்று. அத்தனையும் ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போக வேண்டும். ஜிஎஸ்டி ரோட்டுப் புழுதியில் ஓடுகிற வண்டிக்கு ஏர் ஃபில்டரை ஏன் நேரத்துக்கு மாற்றச் சொல்கிறார்கள் என்பது இப்போது புரியும்.

எரிந்தபின் வெளியே வருவதும் அப்படித்தான். கார்பன் டை ஆக்சைடு 2 கிலோவுக்கும் மேல், நாம் ஊற்றியது முக்கால் கிலோதான் என்றாலும் ஆக்சிஜன் சேர்ந்து எடை கூடிவிடுகிறது. கூடவே தண்ணீர், ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக. நம் ஊர் சூட்டில் அது ஆவியாகவே போய்விடும், மார்கழிக் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து சைலன்சர் முனையைப் பாருங்கள், சொட்டுச் சொட்டாக விழும். அது கோளாறு இல்லை, பெட்ரோலில் இருந்த ஹைட்ரஜன் காற்றில் இருந்த ஆக்சிஜனோடு சேர்ந்து புதிதாகப் பிறந்த தண்ணீர்.

சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினை 1876இல் நிக்கோலாஸ் ஓட்டோ ஓட்டிக் காட்டினார், அடிப்படை இன்றும் அதேதான்: இழு, அழுத்து, பற்றவை, வெளியே தள்ளு. இழுக்கும்போது காற்றோடு பெட்ரோல் பனிபோலத் தெளிக்கப்பட்டு ஆவியாகிறது. பெட்ரோல் ஆவி காற்றில் ஒன்றரை சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் பற்றாது, ஏழெட்டு சதவீதத்துக்கு மேலே போனாலும் பற்றாது, நடுவில்தான் பற்றும். அந்தக் கலவையை அழுத்தி ஸ்பார்க் பிளக் ஒரு பொறி கொடுக்கிறது. பொறியின் ஆற்றல் ஒரு ஜூலில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. முதலில் சில பிணைப்புகளை உடைப்பதற்கான முன்பணம் அது. அங்கே உருவான புதுப் பிணைப்புகளிலிருந்து வரும் வெப்பம் பக்கத்து அடுக்கின் பிணைப்புகளை உடைக்கிறது, அது அதற்கடுத்த அடுக்கை, சரவெடியில் ஒரு முனையில் வைத்த நெருப்பு ஓடுவதுபோல. வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரியைத் தாண்டுகிறது, அழுத்தம் எகிறுகிறது, பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது.

ஒரு வெடிப்புக்கு எவ்வளவு பெட்ரோல் என்று பார்ப்போமா? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டு போகும் ஸ்கூட்டர் ஒரு நொடிக்குக் கால் மில்லி குடிக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று என்று வைத்தால், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு, நொடிக்கு 42 வெடிப்பு. ஒரு சொட்டு பெட்ரோலை எட்டாகப் பிரித்தால் எவ்வளவோ அவ்வளவுதான் ஒரு வெடிப்புக்கு. அதில் வரும் வெப்பம் ஏறக்குறைய 175 ஜூல். இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கும் வேலைக்குச் சமம். அதை நொடிக்கு 42 தடவை செய்கிறது.

மொத்தமாகப் பார்த்தால் 7 கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் வருகிறது. சமமான சாலையில் அந்த வேகத்தில் ஒரு ஆளோடு போக, காற்றையும் டயர் உராய்வையும் தள்ள ஏறக்குறைய ஒரு கிலோவாட் போதும். ஏழில் ஒரு பங்கு. மீதி? சைலன்சர் வழியாகச் சூடான புகையாக ஒரு பெரும் பங்கு, சிலிண்டர் சுவர் வழியாக வெளிக் காற்றுக்கு இன்னொரு பெரும் பங்கு, மிச்சம் பெல்ட்டிலும் உராய்விலும். வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த எஞ்சினும் ஒரு பங்கைச் சூடாக வெளியே விட்டே ஆக வேண்டும், அது இயற்கை விதி, எந்த மெக்கானிக்கும் சரி செய்ய முடியாது.

நம் கையில் இருப்பது வேறு. ஆளும் வண்டியும் சேர்த்து 180 கிலோ, 40 வேகம் பிடித்து சிக்னலில் பிரேக் அடித்தால் 11 கிலோஜூல் பிரேக் சூடாகிப் போகிறது. அந்த 11ஐச் சக்கரத்துக்குக் கொண்டுவர எரித்தது ஏறக்குறைய 2 மில்லி பெட்ரோல். மத்திய கைலாஷ் பக்கம் பத்து தடவை விருட்டென்று கிளம்பி நின்றால் 20 மில்லி, ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டிய பெட்ரோல். சிவப்பு விளக்கு தூரத்தில் தெரியும்போதே ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு உருண்டு போகப் பழகுங்கள். டயரில் காற்றைக் குறையவிடாதீர்கள். சிக்கனத்துக்கு இந்த இரண்டும் போதும்.

அரைகுறையாக எரிந்தால்

ஆக்சிஜன் போதாவிட்டால் கார்பன் பாதியில் நின்று கார்பன் மோனாக்சைடு ஆகிவிடும். கார்பன் முழுதாக எரிந்தால் மோலுக்கு 393.5 கிலோஜூல், மோனாக்சைடோடு நின்றால் 110.5. நூறு வர வேண்டிய இடத்தில் 28. அடைத்த ஃபில்டர், கெட்டுப்போன சென்சார், பழைய வண்டியில் தப்பாகத் திருகிய கார்புரேட்டர், எல்லாம் உங்களை இங்கேதான் கொண்டுவந்து விடும். காசு போவது மட்டுமில்லை. வாசனையே இல்லாத விஷம் அது.

2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்திலும் சென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரை மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று வீட்டுக்குள்ளோ, கதவு சாத்திய பால்கனியிலோ, படிக்கட்டுக்குக் கீழேயோ வைத்து ஓட்டத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், தலைவலி, மயக்கம், தூங்குபவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். ஜன்னலைத் திறந்து வைப்பதும் போதாது. வெளியே, வாசல் ஜன்னலைவிட்டுத் தள்ளி மட்டுமே. அந்த ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்குக் கொடுப்பதும் ஒன்றரை, இரண்டு யூனிட்தான், 8.3இல்.

உங்கள் வண்டிக்கு ஒரு எண்

கடைசியாக உங்கள் சொந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள். டேங்கை ஃபுல் செய்து கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 150, 200 கிலோமீட்டர் ஓடியபின் அதே பங்கில், முடிந்தால் அதே மெஷினில், மறுபடி ஃபுல் செய்யுங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ். டிஸ்ப்ளேயில் வரும் எண்ணைவிட இதை நம்பலாம். ஒரு யூனிட் ஆயிரம் வாட்-மணி, ஆக ஒரு லிட்டரின் 8.3 யூனிட் 8,300 வாட்-மணி. அந்த 8,300ஐ மைலேஜால் வகுங்கள். என் ஸ்கூட்டர் 44 கொடுக்கிறது, ஒரு கிலோமீட்டருக்கு 189 வாட்-மணி வெப்பம்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் இந்த எண்ணை அருகில் வைத்துப் பாருங்கள். அது பேட்டரியிலிருந்து கிலோமீட்டருக்கு 30, 35 வாட்-மணி எடுக்கும், சார்ஜர் இழப்பெல்லாம் சேர்த்துப் பிளக்கில் 40 என்று வையுங்கள். அதை அப்படியே 189உடன் ஒப்பிடுவது நியாயமில்லை. பெட்ரோலில் எண்ணியது வெப்பம், பிளக்கில் எண்ணுவது கரண்ட். அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையத்தில் நிலக்கரியின் கார்பனும் இதே ஆக்சிஜனோடு சேர்ந்துதான் கரண்ட் ஆகிறது, அங்கேயும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கரண்டாகத் தேறும். 40ஐ மூன்றால் பெருக்கினால் 120. முழுக்க நிலக்கரியிலிருந்தே வந்தாலும் 189க்கு 120. காற்றாலையிலிருந்தோ கல்பாக்கத்திலிருந்தோ வரும் பங்குக்கு எரிப்பதே கிடையாது.